ஊதா வடியும் வெள்ளைக் கார்

நோலா முதலில் காரைத் தொடுவதே இல்லை. நன்றாக நனைத்துவிட்டு நிற்பார். காய்ந்த செந்தூசியின் மேல் வைத்தால் துணியும் உப்புத்தாள்தான். "தூசியைத் தண்ணி தூக்கட்டும், நமக்கென்ன அவசரம்?" என்று நுரை வழியும் வெள்ளைக் கதவிடம் சொல்வார். இரண்டு வாளி: ஒன்றில் சோப்பு, மற்றதில் கையுறையை அலசும் நீர். கழுவியபின் விரல்களில் பாலிதீன் பையை மாட்டிக்கொண்டு காரின் வண்ணப்பூச்சைத் தடவிப் பார்ப்பார். வெறுங்கைக்கு எட்டாத சொரசொரப்பு அதில் தெரியும்.

முன்பு இது கணவர் கிளெமின் வேலை. உருக்காலையில் உலையடியில் நின்றே நெஞ்சைக் கெடுத்துக்கொண்டவர். ஆலைப்பக்கக் காற்று வீசினால் வெளியே வரவே கூடாது என்பது டாக்டர் உத்தரவு. கார் சரியாகக் கழுவப்படாவிட்டால் கிளெம் தானே வெளியே வந்துவிடுவார். அதனால் நோலா சரியாகக் கழுவுகிறார்.

வீட்டு ஜன்னல் விரலளவு திறக்கிறது. "சக்கரத்து மேல விட்டுட்டியே, கிழவி!"

"சாத்துய்யா அதை! காரு பொழைச்சுக்கும்."

இந்தச் சனிக்கிழமை, ஆலையின் மக்கள் தொடர்பு ஆள் டாரில் வந்தான். அடுத்த தெருக்காரன். கையில் கார் கழுவும் நிலையத்துக்கான இலவசச் சீட்டு. "கார் மேல இருக்கறது வெறும் பாலைவன மண்ணு நோலா. மெஷின்ல ஓசியா கழுவிக்க."

ஆலைக்குக் கார் கண்ணில் படுகிறது, நுரையீரல் படுவதில்லை.

நோலா, இரும்புத் துகள் பட்டால் ஊதாவாகி அதைக் கரைக்கும் மருந்தைக் காரின் மூக்கில் பீய்ச்சினார். அழுகிய முட்டை நாற்றம். வெள்ளை வண்ணத்தில் புள்ளி புள்ளியாக ஊதா கசிந்து, கோடுகோடாக வடிந்தது. பின்கட்டிலிருந்து ஒரு தட்டில் மண் அள்ளிவந்து அதன்மேலும் பீய்ச்சினார். செம்மண் செம்மண்ணாகவே கிடந்தது.

"மண்ணுன்னா அதுவும் ஊதாவாகணுமில்ல? இது உங்க புகைபோக்கி துப்புனது. காரைக் கழுவ மெஷின் வச்சிருக்கீங்க, சரி. அந்த மனுஷன் நெஞ்சைக் கழுவ என்ன வச்சிருக்கீங்க?"

டாரில் தட்டையே பார்த்தான். "என் காரும் இப்படித்தான் அழுவுது நோலா. மூணு புள்ளைங்க இருக்கு, நான் என்ன பண்ண?" சீட்டைச் சட்டைப் பைக்குள் திருப்பி வைத்துக்கொண்டு போனான்.

மருந்து காய்ந்தால் வண்ணத்தையே தின்றுவிடும். நோலா குழாயைத் திருப்பி, ஊதா முழுவதும் ஓடும்வரை நீர் பாய்ச்சினார். பிறகு துண்டால் ஒற்றி ஒற்றி ஈரத்தை எடுத்தார். மெழுகு டப்பாவைத் திறந்ததும் வீட்டுக்குள் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. கிளெம் சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு எழுந்துவிட்டார்.

"மெழுகு நான்தான் போடுவேன்."

"காத்து எந்தப் பக்கம் அடிக்குது, தெரியல? உக்காரு. எங்கெங்கன்னு கையைக் காட்டு, நான் போடறேன்."

"இங்கிருந்து என்னத்தைக் காட்டறது? கண்ணாடி பூரா செக்கச்செவேல்னு இருக்குடி."

நோலா டப்பாவை மூடினார். காருக்கென்று வைத்திருந்த புதுத் துணியை எடுத்துக்கொண்டு ஜன்னலுக்குப் போனார். கண்ணாடியை நனைத்து, அப்பால் இருந்த முகம் தெளியும்வரை மெல்லத் துடைத்தார்.