ஒரு சென்ட் மிஸ்டு கால்

குற்றாலத்தில் சீசன் வந்துவிட்டால் லாட்ஜ் வரவேற்பு மேசையில் இருப்பவளுக்கு மூச்சுவிட நேரம் கிடையாது. "மெயின் அருவில குளிக்க விடுதாங்களா?", "சுடுதண்ணி எப்ப வரும்?" இந்த இரண்டுக்கும் பதில் சொல்லியே வாய் தேய்ந்துபோகும். ஆனால் அந்தச் சாரல் காலத்தில் பாதிக் கேள்வி என் காதிலேயே ஏறவில்லை. ஒரு கையில் சாவியை எடுத்துக் கொடுத்துக்கொண்டே, மறு கையால் போனில் ஒரே பக்கத்தைத் திரும்பத் திரும்பத் திறந்து பார்த்தேன். துபாயில் இருந்த என் தம்பி டிஜிட்டல் காசு போட்டு வைக்கும் கிரிப்டோ வாலட் அது. பிளாக்செயின் என்கிற பொதுக் கணக்குப் புத்தகத்தில் வாலட்டின் முகவரி தெரிந்தால் போதும், யார் கணக்கையும் யாரும் பார்க்கலாம். அதில் ஒரு காசு நகர்ந்தால் ஆள் இருக்கிறான் என்று அர்த்தம். அவன் உயிரோடு இருக்கிறானா என்று தெரிந்துகொள்ள எனக்கு வேறு வழியே இல்லை.

அவன் வீட்டுக்கு அனுப்புவதெல்லாம் டாலர் காயின்தான், ஒரு காயின் ஒரு டாலர் மதிப்பு. என் வாலட்டுக்கு வரும், நான் விற்று ரூபாயாக்குவேன். ஒருநாள் போனில் சொன்னான்.

"அக்கா, நான் ஊருக்கே வந்திருதேன். அருவிப் பக்கம் எண்ணெய் தேய்ச்சுவிடுத கடை போட்டுப் பொழைச்சுக்கிடுதேன்."

"இன்னும் ஒரு வருசம் இருலே. வீட்டு லோனை எவன் கெட்டுவான்?"

"ஒனக்கு நான் வேணுமா, டாலர் வேணுமா?"

எனக்குக் கோபம் வந்தால் வாய் என் பேச்சைக் கேட்காது. "டாலர் இல்லாம நீ வந்து என்னத்தக் கிழிக்கப் போற?" என்று கேட்டுவிட்டேன்.

மறுநாள் காலையில், அவன் வாலட்டில் இருந்த அத்தனை டாலரும் வழித்துத் துடைத்து எனக்கு வந்து விழுந்தது. அதோடு சரி. போன் ஸ்விட்ச் ஆஃப், வாட்ஸ்அப்பில் பிளாக். அவன் அறையில் இருந்த பையனைக் கூப்பிட்டால், "வேலைய விட்டுட்டுப் போயிட்டான்க்கா, எங்கனன்னு சொல்லல" என்றான்.

தென்காசி வீட்டில் அம்மாவுக்கு இந்த வாலட் சங்கதியெல்லாம் தெரியாது. அவளுக்குத் தெரிந்தது ரிங் மட்டும்தான். தம்பி திருநெல்வேலியில் படித்த நாளிலிருந்து எங்கள் வீட்டு வழக்கம் அது. என் போனில் ஒரு மிஸ்டு கால் வந்தால் நல்லா இருக்கேன். அடுத்தடுத்து இரண்டு வந்தால் கிளம்பிட்டேன், உலையை வை. துபாயிலிருந்து லீவுக்கு வரும்போதும் ஏர்போர்ட்டில் நின்று இரண்டு ரிங் விடுவான். மறுநாள் வருகிற பிள்ளைக்கு அம்மா அப்போதே அரிசி களையப் போய்விடுவாள்.

இப்போது தினமும் நான் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே கேட்பாள். "ஏட்டி, ரிங்கு வந்துச்சா?"

போனில் பிளாக் பண்ணியவன் வாலட்டில் என்னைப் பிளாக் பண்ண முடியாது என்று ஒருநாள் பஸ்ஸில் வரும்போது திடீரென்று உறைத்தது. உடனே அவன் வாலட்டுக்கு ஒரு சென்ட் அனுப்பினேன். ஒரு டாலரில் நூறில் ஒரு பங்கு. சிம்மை மாற்றியிருந்தாலும் அவன் போனில் டிங் என்று கேட்கும், கேட்டால் புரிந்துகொள்வான். வாய்விட்டுப் பேசினால்தானே தோற்றதாக ஆகும்? ரிங் விட்டால் யாருக்கும் தோல்வி இல்லை.

பதில் வரவில்லை. மறுநாளும் ஒன்று அனுப்பினேன், அதற்கடுத்த நாளும். என் சென்ட்டுகள் அவன் கணக்கில் போய்ச் சேர்ந்து, தொடுவாரில்லாமல் அப்படியே கிடந்தன. அட பாவி, ஒன்றைத் திருப்பி அனுப்பினால் உன் கை முறிந்துவிடுமா? பல்லைக் கடித்துக்கொண்டு திட்டுவேன். அடுத்த நிமிடமே, திருப்பி அனுப்ப ஆள் இருக்கிறானோ இல்லையோ என்று தோன்றும். மறுபடி அந்தப் பக்கத்தைத் திறப்பேன்.

ஒரு மதியம் வழக்கம்போல ஒரு சென்ட் அனுப்பப் போனேன். போகவில்லை. 'கட்டணத்துக்குப் போதிய இருப்பு இல்லை' என்றது திரை. இதென்ன கூத்து? உள்ளே டாலர் இருக்கிறதே! அப்புறம்தான் புத்தி வந்தது. ஒவ்வொரு அனுப்புதலுக்கும் பிளாக்செயின் ஒரு கட்டணம் பிடிக்கும். அதை டாலரில் எடுக்காது, தன்னுடைய சொந்தக் காயினில்தான் எடுக்கும். அந்தக் காயினின் பொடிக்கு க்வெய் என்று பேர். நூறு கோடி க்வெய் சேர்ந்தால்தான் ஒரு காயின். சென்ட் சென்ட்டாக அனுப்பி அனுப்பியே என்னிடம் இருந்த பொடி தீர்ந்துபோயிருந்தது.

சாவியை மேசைமேல் போட்டுவிட்டுத் தம்பியின் பக்கத்தைத் திறந்தேன். டாலருக்குக் கீழே இன்னொரு வரி. அத்தனை நாளும் கண்ணுக்கு நேரே இருந்த வரிதான். கட்டணக் காயின் இருப்பு: கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. எனக்கு எல்லாவற்றையும் வழித்து அனுப்பிய அன்றே அவனுடைய பொடியும் தீர்ந்திருக்கிறது. அவன் நினைத்தாலும் ஒரு சென்ட்டைக்கூட நகர்த்த முடியாது. கையைக் கட்டிப்போட்டுவிட்டு, ஏன்லே பதில் சொல்லல என்று திட்டிக்கொண்டிருந்திருக்கிறேன்!

அந்தப் பொடியை வாங்குவதற்குள் உயிர் போய்விட்டது. ஓடிபி வரவில்லை. மழையில் சிக்னல் இல்லை. "சுடுதண்ணி வரல" என்று மாடியிலிருந்து ஒருவர் இறங்கி வந்தார். "அருவில போய்க் குளிங்க சார், அதுக்குத்தான வந்தீங்க?" என்று எரிந்து விழுந்தேன். ஒருவழியாகக் காயின் வந்ததும், எனக்கென்று துளி வைத்துக்கொண்டு மற்றதைத் தம்பிக்கு அனுப்பினேன்.

அதற்குப் பிறகு என்னால் உட்கார முடியவில்லை. வாசலுக்கும் மேசைக்குமாக நடந்தேன். விளக்குப் போடுகிற நேரத்தில் போன் டிங் என்றது. ஒரு சென்ட். நான் அனுப்பியவற்றில் ஒன்று. இருக்கிறான்! யார் பார்த்தால் என்ன என்று அழுதேன்.

அழுதுகொண்டே பயந்தேன். ஒன்றோடு நின்றுவிட்டால்? நல்லா இருக்கேன், ஆனா வரமாட்டேன் என்று அர்த்தம். திரையைத் தேய்த்துக்கொண்டே நின்றேன். வாடா, வந்துருடா, லோன் கிடக்குது மண்ணாங்கட்டி.

டிங்.

அம்மாவுக்குப் போன் போட்டேன். "எம்மா, ரிங்கு வந்துருக்கு."

மெதுவாகக் கேட்டாள். "எத்தனை ரிங்குட்டி?"

"ரெண்டும்மா."

அவள் போனை அணைக்காமலேயே வைத்துவிட்டுப் போனாள். அரிசி டப்பாவின் மூடி திறக்கும் சத்தம் எனக்குக் கேட்டது.