பத்து இருபதுக்கு இரண்டு பேர்

வினோதன் அண்ணையின் வீட்டு பேஸ்மென்ரில் நான் வாடகைக்கு வந்து இரண்டு வருடமாகிறது. வீடு கனடாவின் யூனியன்வில்லில். மேலே அவர் தனியாக இருக்கிறார். மனைவி வேரோனிக்காவும் மகளும் றிச்மண்ட் ஹில்லுக்குப் பிரிந்து போய் ஆறு வருடம். அதைப் பற்றி அவர் பேசுவதில்லை, நானும் கேட்பதில்லை.

அவர் பஸ் ஓட்டுகிறார். அந்த வழித்தடத்தின் கடைசித் தரிப்பு ஒரு பொதுக் கோல்ஃப் மைதானத்துக்குப் பக்கத்தில். பத்து நிமிட இடைவேளையில் கோப்பியோடு வேலிக்கரையில் நிற்பாராம். “ஆக்கள் புல்லுக்குள்ள தனிய நடக்கினம். ஏன் தனிய எண்டு ஒருத்தரும் கேக்கேல்லை. அதுதான் எனக்குப் பிடிச்சது.”

பழைய கோல்ஃப் மட்டைகள் வாங்கினார். ஞாயிறு விடியப் போய் விளையாடிவிட்டு, கார் பார்க்கில் இருந்தபடியே இங்கிலாந்துக்குப் போன் எடுப்பார். அங்கே மிதுனன். கனடாவுக்கு வந்த புதிதில் இருவரும் பார்க்டேலில் ஒரே அறையில், ஒரே மெத்தையில் மாறி மாறிப் படுத்தவர்கள். மிதுனன் கலியாணம் கட்டி அங்கே போய்விட்டார். அண்ணை கோல்ஃப் பற்றிச் சொன்ன முதல் ஞாயிறே, “நானும் விளையாடுறனான்டா” என்றாராம். அதிலிருந்து நாலு வருடம், ஞாயிறுக்கு ஞாயிறு எத்தனை அடியில் முடித்தோம் என்று கணக்குச் சொல்லுவார்கள்; அடி குறைந்தவர்தான் வென்றவர். இவர் நூற்றெட்டு என்றால் அவர் நூற்றாறு. அண்ணைக்கு அந்தப் போனைத் தவிர வேறு பேச்சுத் துணை இருந்ததாக எனக்குத் தெரியவில்லை.

போன ஆனியில் தமக்கையின் மகளுக்கு லண்டனில் கலியாணம். மட்டைகளையும் கொண்டு போனார். “கலியாணத்துக்கு வந்தனியோ, கம்பு சுத்த வந்தனியோ?” என்று தமக்கை ஏசினாராம். லண்டன் போனால் சொந்தக்காரர் வீடுகள் எல்லாவற்றிலும் சாப்பிட்டாக வேண்டும். ஒரு வீட்டை விட்டால் பத்து வருடத்துக்குக் கதை இருக்கும். அப்படியிருந்தும் ஒரு புதன்கிழமையை மட்டும் ஒருவருக்கும் கொடுக்காமல் வைத்திருந்தார். கென்ற் பக்கம், கிராமப்புறத்தில் ஒரு கோல்ஃப் கழகம். காலை பத்து இருபதுக்கு, தானும் மிதுனனுமாக இரண்டு பேர் என்று பதிந்திருந்தார்.

அந்த இடத்தைப் பற்றிக் கேட்டால் “நல்ல இடம்” என்று மட்டும் சொல்லுவார். இந்த வைகாசியில்தான், கராஜில் மட்டைகளைக் கழுவிக்கொண்டு நின்றபோது முழுவதையும் சொன்னார்.

பெரிய ஓக் மரங்கள், கோடு கோடாக வெட்டிய புல், நடுவில் சின்ன ஓடை. பத்து இருபதாகியும் மிதுனன் வரவில்லை. போனும் எடுக்கவில்லை. ஒரு வயதான வெள்ளைக்காரச் சோடி, தங்களோடு சேர்ந்து ஆடலாமே என்று கேட்டது. “என்ர ஆள் வாறார்” என்று சொல்லி அவர்களை முன்னுக்கு விட்டார். அடுத்து வந்தவர்களையும் விட்டார். பதினொன்றரைக்குத் தனியாகத் தொடங்கினார். கனடாவில் தனியாக நடந்தால் தெரியாது. அங்கே ஒவ்வொரு அடிக்கும் திரும்பிக் கார் பார்க்கைப் பார்த்தாராம்.

ஆறாவது குழியடியில் நிற்கும்போது போன் அடித்தது.

“மச்சான், எனக்கு விளையாடத் தெரியாதடா.”

“என்னடா சொல்லுறாய்?”

“ஒருநாளும் விளையாடினதில்லை. நானும் விளையாடுறன் எண்டாத்தானே நீ ஞாயிறுக்கு ஞாயிறு எடுப்பாய்.”

“இப்ப எங்கயடா நிக்கிறாய்?”

“கார் பார்க்கிலதான். ஒன்பது மணிக்கே வந்திட்டன். நீ மட்டையைச் சுழட்டிப் பாத்துக்கொண்டு நிண்டதையும் கண்டனான். இறங்க ஏலாமப் போச்சு.”

“அங்கயே நில். வாறன்.”

கராஜில் அண்ணை கையிலிருந்த மட்டையின் பிடியைத் துடைத்தார். துடைத்ததையே திரும்பவும் துடைத்தார்.

“பந்து குழியில இருந்து ரெண்டடி தூரம் தம்பி. அதைத் தட்டி விழுத்திப்போட்டுத்தான் திரும்பினனான். ஏன் அப்பிடிச் செய்தனான் எண்டு இண்டைக்கும் தெரியேல்லை.”

கார் பார்க் போய்ச் சேர இருபது நிமிடம். மிதுனன் போய்விட்டார். மிச்சப் பன்னிரண்டு குழிகளையும் அண்ணை விளையாடவில்லை.

கோபமா என்று கேட்டேன். “எனக்கென்ன கோபம்? நூற்றாறு எண்டு சொல்லுறவன், அடுத்த கிழமை நூற்றுப்பதினொண்டு எண்டும் சொல்லுவான். தோக்கிற கணக்கையும் யோசிச்சுச் சொல்லியிருக்கிறான், பாவி.”

எனக்கும் மிதுனனில் கோபம் வரவில்லை. எங்கள் வீட்டில் முதல் பட்டதாரி நான். மொன்றியலில் இருக்கும் அம்மா ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிற வேலை வேறு, இங்கே சாமான் களஞ்சியத்தில் நான் செய்கிற வேலை வேறு. அம்மா போன் எடுத்து, “ஒபீஸ் எப்பிடி?” என்று கேட்கிறார். ஒபீஸ் இல்லை என்றால் அடுத்து எதைக் கேட்பார்? அதற்குப் பயந்துதான் நானும் ஒபீஸ் நல்லம் என்று சொல்லிக்கொண்டிருக்கிறேனோ?

பதினொரு மாதமாக அவர்கள் பேசவில்லை. ஞாயிறுகளில் மிதுனன் ஒரு பூப்படத்தோடு காலை வணக்கம் அனுப்புவார். இவரும் ஒரு பூ அனுப்புவார். போனைத் திறந்து காட்டினார். மேலே தள்ளத் தள்ள ரோசாவும் தாமரையும்தான்.

“எழுதுவன். பிறகு அழிச்சுப்போடுவன்” என்றார்.

“என்னெண்டு?”

ஈரக் கையைக் காற்சட்டையில் துடைத்துவிட்டு எழுதினார். என்னிடம் நீட்டினார். ‘அந்தக் குழியை முடிச்சிட்டு வந்தது பிழைதான்டா.’

“அனுப்புங்கோ அண்ணை.”

அனுப்பினார். போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு அடுத்த மட்டையை எடுத்தார். அது ஏற்கெனவே கழுவியிருந்த மட்டை. நான் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டேன்.