கருங்குன்றனின் ஒன்பதாவது சிட்டிகை

பதுளையில் அந்தப் பாமஸிக்கு வைத்தியர் எழுதிய துண்டில்லாமல் மருந்து வாங்க வருபவர்கள், முதலில் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்று கவுண்டரில் யார் நிற்பதென்று எட்டிப் பார்ப்பார்கள். செல்வநாயகி நின்றால் பக்கத்துத் தேநீர்க் கடைக்குப் போய்விடுவார்கள். வைத்தியரின் துண்டோடு வருபவர்களுக்கே அவரிடம் லேசில் மருந்து கிடைக்காது. கையெழுத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். நோயாளியின் வயதைக் கேட்பார். வேறு எதையோ பேசிவிட்டு அதே வயதை இன்னொரு தடவை கேட்பார். வாழைப்பழம் வாங்கப் போனாலும் அது எந்தத் தோட்டத்தில் எப்போது பிறந்தது என்று விசாரித்துவிட்டுத்தான் வாங்குவார் என்று, கூட வேலை செய்யும் றம்ஸியா வருவோர் போவோரிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பாள்.

செல்வநாயகி சாவகச்சேரிக்காரர். ஆஸ்பத்திரியில் மருந்தாளராக இங்கே மாற்றலாகி வந்து, அறுபதில் ஓய்வுபெற்று, ஊருக்குத் திரும்பாமல் இந்தப் பாமஸியில் சேர்ந்து தனியாகவே தங்கிவிட்டவர். சந்தேகம் என்பது வேலைக்குப் போடும் வெள்ளைக் கோட்டைப் போல, வீட்டுக்குப் போனதும் கழற்றிவிடலாம் என்றுதான் ஆரம்பத்தில் நினைத்திருந்தார். கழற்ற முடியவில்லை.

மதியம் பன்னிரண்டுக்குமேல் ஆஸ்பத்திரிக் கூட்டம் கலைந்து கடை வெறிச்சோடும். அந்த நேரத்தில் றம்ஸியா தன் கைபேசிக்கு வரும் தொடர்கதையை வாசித்துக் காட்டுவாள். வாட்ஸ்அப் குழுவொன்றில் ‘கணவாய்க்காரன்’ என்ற பெயரில் யாரோ எழுதி வந்தது. மலைக் கணவாயொன்றைத் தனியாளாகக் காக்கும் கருங்குன்றன் என்ற வீரனின் கதை. கீழேயிருந்து படைமேல் படையாக எதிரிகள் ஏறி வருவார்கள். அவனுக்கு மாற்றாள் கிடையாது. களைத்து விழப்போகும் நேரத்தில் இடுப்புப் பையிலிருந்து ஒரு சிட்டிகை செந்தூளை எடுத்து நாக்கடியில் வைப்பான். மலை அதிரக் கத்திக்கொண்டு மறுபடி வாளெடுப்பான்.

றம்ஸியாவுக்குச் சண்டை பிடித்திருந்தது. செல்வநாயகியோ கலண்டர் தாளின் பின்பக்கத்தில் பென்சிலால் சிட்டிகைகளைக் குறித்துக்கொண்டு வந்தார். எத்தனை மணிக்கு, எவ்வளவு இடைவெளியில், இடையில் சாப்பிட்டானா என்று.

“ஒன்பதாவது சிட்டிகை. இவன் இப்ப செத்திருக்க வேணும்.”

“கதைதானே மிஸ்.”

“கதையெண்டாலும் ஈரல் ஒண்டுதான்.”

ஆனால் அந்த ஒன்பதாவது சிட்டிகையோடு கதை மாறியது. கருங்குன்றன் கத்துவதை நிறுத்திவிட்டான். இரவெல்லாம் பல்லைக் கடித்ததில் காலையில் தாடை வலித்தது. சுனைத் தண்ணீர் வயிறு நிறையக் குடித்தும் நாக்கு அண்ணத்தில் ஒட்டியது. பாதையோர மரங்கள் வரிசை கலைந்து நடுப்பாதைக்கு வந்தன. ஓரிடத்தில், கடிவாளத்தைப் பிடித்தபடி, கண் திறந்திருக்க, அவன் தூங்கினான். விரல் சொடுக்கும் நேரம்தான். விழித்தபோது, தான் கடந்து வந்த இரண்டு வளைவுகள் அவன் நினைவில் இல்லை.

செல்வநாயகி பென்சிலைக் கீழே வைத்தார். முதல் எட்டுச் சிட்டிகைகள் யாரோ கற்பனை செய்தவை. இது கற்பனை இல்லை. தூக்கம் கலைக்கும் மாத்திரை வில்லைகளுக்குப் பழகியவர்கள் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்து சொன்னதை அவர் காதால் கேட்டிருக்கிறார். இதை எழுதுகிறவன் அதைச் சாப்பிடுகிறான். சாப்பிட்டுவிட்டு எதையோ ஓட்டுகிறான்.

யார் எழுதுவது என்று கேட்டார். தெரியாது, மகள் படிக்கும் பள்ளிக்கூடத்து உம்மாமாரில் யாரோதான் தன்னைக் குழுவில் சேர்த்தார்கள் என்றாள் றம்ஸியா. அந்தப் பதில் செல்வநாயகிக்குப் போதவில்லை. வில்லை எங்கிருந்தோ அவனுக்குப் போகிறது. கதை றம்ஸியாவின் கைக்கு வருகிறது. மறுநாள் கடை திறக்குமுன் பூட்டிய அலுமாரியைத் திறந்து அந்த வகை வில்லைகளை எண்ணினார். கணக்குச் சரி. அடுத்த நாளும் எண்ணினார். மூன்றாம் நாள் எண்ணிக்கொண்டிருக்கும்போது பின்னால் கடை கூட்டும் தும்புத்தடியோடு றம்ஸியா நின்றாள்.

“என்ன மிஸ், இன்னைக்கும் சரியா ஈக்குதா?”

செல்வநாயகி அலுமாரியைப் பூட்டினார். அதன்பின் ஒன்றரை வாரம் றம்ஸியா கதை வாசிக்கவில்லை.

ஒரு வியாழக்கிழமை, ஒருமணிக்குக் கொஞ்சம் முன்னால், அவளாகவே வந்து எதிரில் உட்கார்ந்தாள். புதிதாக வந்திருப்பதை ஒருதரம் கேட்கச் சொன்னாள். இரவுச் சண்டை முடிந்ததும் கருங்குன்றன், குடியிருப்புப் பிள்ளைகள் பதினொரு பேரை வண்டியில் ஏற்றிக் குருவின் ஆச்சிரமத்துக்கு இறக்கிக்கொண்டு போகிறான். அதில் ஆகச் சின்னவள் முன்னால்தான் உட்காருவாள். வழியில் காணும் ஒவ்வொரு நாய்க்கும் கருங்குன்றன் வணக்கம் வைக்க வேண்டும், வைக்காவிட்டால் அழுவாள்.

றம்ஸியாவின் குரல் தடுமாறியது. “இது எங்கட ஸனா மிஸ். வேன் அங்கிள் நாய்க்குச் சலூட் அடிக்காட்டி, ஊட்டுக்கு வந்தும் அதையே சொல்லி அழுவா.”

“மிச்சத்தை வாசியும்.”

பிள்ளைகள் பாடிக்கொண்டிருந்தார்கள். கருங்குன்றனின் கண்கள் திறந்தே இருந்தன. அவனுக்கு நினைவு வந்தபோது வண்டி புல்லில் நின்றது. ஒரு சக்கரத்துக்கு அப்பால் பள்ளம். ஒரு பிள்ளைக்கும் எதுவும் தெரியவில்லை. மாடொன்றுக்கு வழிவிட்டதாகச் சொல்லிவிட்டு, பையிலிருந்து பத்தாவது சிட்டிகையை எடுத்தான்.

செவ்வாய்க்கிழமை வேன் புல்லில் ஏறியதென்றும், மாட்டுக்கு வழிவிட்டதாக அங்கிள் சொன்னாரென்றும் ஸனா வந்து சொல்லியிருந்தாள். றம்ஸியா கேட்டுச் சிரித்திருந்தாள்.

பள்ளிக்கூடம் விடுவது ஒன்றரைக்கு. பட்டப்பகலில் பாமஸியைப் பூட்டிவிட்டு இருவரும் நடந்தார்கள்.

வாசலில் வேன்கள் வரிசையாக நின்றன. ஸனாவின் வேன்காரன் ரமேஸ் தன் வேனில் சாய்ந்து நின்றான். தெமோதரைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றைச் சேர்ந்தவன், முப்பத்துநான்கு வயது, எந்தத் தாயும் நம்பிப் பிள்ளையைக் கொடுக்கும் முகம். செல்வநாயகி முகத்தைப் பார்க்கவில்லை. உச்சி வெயிலிலும் அவன் கண்ணின் கருமணிகள் விரிந்திருந்தன.

“நீர்தானே கணவாய்க்காரன்?”

அவன் முகம் மலர்ந்தது. எழுதுகிறவனைத் தேடி வந்த முதல் வாசகி அவர்தான் போலும். “நீங்களும் வாசிக்கிறீங்களா மிஸ்?”

“இண்டைக்கு எத்தினை சிட்டிகை?”

“அது கதைங்க மிஸ்.”

“கையை நீட்டும்.”

நீட்டிய விரல்களின் மேல் அவர் ஒரு வெற்றுக் காகிதத் துண்டை வைத்தார். காற்றே இல்லை. காகிதம் படபடவென்று ஆடியது. பக்கத்து வேன்காரர் ஜௌபர், என்ன ரமேஸ், கைரேகை பார்க்கிறாயா, கல்யாண யோகம் இன்னொன்று இருக்கிறதா என்று கேட்டார். மற்றவர்கள் சிரித்தார்கள். பிறகு காகிதத்தைப் பார்த்தார்கள், சிரிப்பு நின்றது.

அவன் குரலைத் தாழ்த்தினான். கெப்பெட்டிபொலைச் சந்தையிலிருந்து மரக்கறி லொறி ஓட்டுகிறான், வாரத்தில் மூன்று இரவு. விடிய ஐந்துக்குத் திரும்பி, நேராக வந்து பிள்ளைகளை ஏற்றுவதாகச் சொன்னான். வில்லை லொறிக்காரர்களிடம் கிடைக்கிறதாம்; எல்லாரும் போடுகிறார்களாம்.

“எல்லாப் பிள்ளைகளையும் எம்பிள்ளை மாதிரிதாங்க பாத்துக்கிறேன்.”

“நித்திரையிலை பாக்கிறீர்.”

“அப்ப கருங்குன்றன் விட்டுட்டுப் போயிட்டா, கணவாய யாருங்க மிஸ் பாக்குறது?”

“அவனுக்கு மாத்தாள் இல்லை எண்டு எழுதினது நீர். இந்த வரிசையிலை ஏழு வேன் நிக்குது.”

மணி அடித்தது. வெள்ளைச் சீருடைகள் வாசலை நோக்கி ஓடிவந்தன. செல்வநாயகி வேனின் இழுவைக் கதவில் முதுகைக் கொடுத்து நின்றார். ரமேஸ் அவரை விலகச் சொன்னான்; இரண்டாம் முறை சொன்னபோது குரல் உயர்ந்தது. ஸனா முன்சீட்டுக்கு ஓடி வந்தாள். றம்ஸியா அவளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, மற்றக் கையை அவனிடம் நீட்டினாள்.

“ரமேஸண்ணே, உம்மாமார்ட குரூப்புல நான் இன்னும் ஒண்டும் போடல்ல. சாவியத் தாங்க.”

அவன் பதினொரு பிள்ளைகளையும் பார்த்தான். சாவியை அவள் கையில் வைத்தான்.

ஜௌபர் இரண்டு தடவையாகப் பிள்ளைகளைக் கொண்டுபோய் விட்டார். வேன் அங்கிளுக்குக் காய்ச்சல் என்று சொல்லப்பட்டது. அந்த அங்கிள் தன் வேனின் பின்சீட்டில் உட்கார்ந்து, நியாயம் ஒன்றைச் சொல்ல வாயெடுத்து, பாதி வசனத்தில் விழுந்து தூங்கினான்.

செல்வநாயகி அந்தத் தூக்கத்தையும் நம்பவில்லை. கால்மணிக்கொரு தடவை மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்த்தார். நூற்றுப் பதினெட்டு. நூற்றுப் பத்து. றம்ஸியா தேநீரோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“உம்மிலை நான் சந்தேகப்பட்டனான்,” என்றார் செல்வநாயகி, நாடியிலிருந்து விரலை எடுக்காமல்.

“தெரியும் மிஸ். கடைக்கு வார பூனையிலயும் நீங்க சந்தேகப்படுறீங்க.”

பின்னேரம் ஐந்தரைக்கு ரமேஸின் கைபேசி அடித்தது. லொறி முதலாளி. அவன் எழுந்து முகத்தைத் துடைத்துக்கொண்டு செல்வநாயகியைப் பார்த்தான்.

“சத்தமாப் போடும். எனக்கும் கேக்கோணும்.”

அவன் ஒலிபெருக்கியைப் போட்டான். வரமுடியாது என்று சிங்களத்தில் சொன்னான். எதிர்ப்பக்கம் திட்டியது, கெஞ்சியது, மறுபடி திட்டியது. ரமேஸ் முடியாது என்பதையே திரும்பத் திரும்பச் சொல்லி, கடைசியில் துண்டித்தான். றம்ஸியா பெருமூச்சு விட்டாள்.

செல்வநாயகி அசையவில்லை. “இண்டைக்கு வரமாட்டன் எண்டுதான் சொன்னீர்,” என்றார். “நாளைக்கு? சனிக்கிழமை?”

ரமேஸ் அதே இலக்கத்தைத் திரும்ப அழுத்தி, அவர் சொல்லாமலே ஒலிபெருக்கியைப் போட்டான்.