மொரானாவுக்குக் கட்டிய சேலை

நாங்கள் குடியிருக்கும் செக் நாட்டுக் கிராமத்தில் மின்கம்பத்துக்கு மின்கம்பம் ஒலிபெருக்கி உண்டு. திடீரென்று பேண்டு வாத்தியம் முழங்கும். பிறகு ஒரு பெண்குரல், கோழிக்குஞ்சு விற்கும் வண்டி வருகிறது, நாளை தண்ணீர் வராது என்று அறிவிக்கும். வந்த புதிதில் யார் வீட்டிலோ கல்யாணம் என்று நினைத்து எட்டிப் பார்த்தேன். தெருவில் பனியைத் தவிர யாருமில்லை. உடையார்பாளையத்தில் முந்திரித் தோப்பு வெயிலில் வளர்ந்தவள் நான். என்னால் அந்த முதல் குளிர்காலத்தைத் தாங்க முடியவில்லை. "ஏப்ரல்ல என்னை ஊருக்கு அனுப்பிடுங்க" என்று கணவர் குமாரிடம் சொல்லிவிட்டேன். பக்கத்து டவுனில் மெஷின் கம்பெனி வேலை அவருக்கு. ஏப்ரலுக்கு டிக்கெட் பார்க்கிறேன் என்றார்.

மார்ச்சில் ஒருநாள் அந்தப் பெண்குரல் 'மொரானா' என்று இரண்டு மூன்று முறை சொன்னது. சற்று நேரத்தில் பக்கத்து வீட்டு யர்மிலா வந்தார். அறுபது வயதிருக்கும். கொடியில் காய்ந்த என் சேலையைத் தொட்டு, "ஞாயிறு. மொரானா. சேலை" என்றார். விழாவுக்குச் சேலை கட்டிக்கொண்டு வரச் சொல்கிறார் என்று புரிந்துகொண்டேன். ஞாயிறன்று அரக்குப் பட்டுடுத்தி, மேலே ஸ்வெட்டர் மாட்டிக்கொண்டு ஊர்மன்றத்துக்குப் போனேன். அங்கே பெண்கள் ஒரு வைக்கோல் பொம்மையைச் சுற்றி நின்றிருந்தார்கள். கழுத்தில் முட்டையோட்டு மாலை, உடம்பில் துணியில்லை. என்னைப் பார்த்ததும் யர்மிலா வாயைப் பொத்திச் சிரித்தார். சேலை கேட்டது பொம்மைக்கு. "யார் இது?" என்றேன். "குளிர். சாவு. கொளுத்தி ஆத்துல விடுவோம்" என்றார்.

போலந்து, ஸ்லோவாக்கியா என்று ஸ்லாவிய மக்கள் பலரிடமும் காலங்காலமாக இருக்கும் வழக்கம் இது என்பது பிறகுதான் தெரியவந்தது. அப்போது தெரிந்ததெல்லாம், சாவுக்கு என் சேலை. மறுத்தால் இந்த ஊரில் எனக்கிருக்கும் ஒரே சிநேகிதி வருந்துவார். சற்று ஒதுங்கி அம்மாவுக்குப் போன் போட்டேன். அம்மா பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் நின்றபடியே எல்லாவற்றையும் கேட்டுவிட்டுக் கேட்டார்.

"பொம்மைய கொளுத்துனா குளிரு போயிடுமாமா?"

"அப்படித்தான் சொல்றாங்கம்மா."

"அப்பறம் என்னடி? போகிக்குப் பழசக் கொளுத்துறோம்ல, அது மாதிரிதான். நல்ல பொடவையா குடுத்துடாத."

வீட்டுக்கு ஓடினேன். விமானத்தில் வந்தபோது அழுதழுது முந்தானை கசங்கிய நீல நூல் சேலையை எடுத்து வந்தேன். வைக்கோல் இடுப்பில் கொசுவம் நிற்கவில்லை. ஒரு பெண் ஊக்கு கொடுத்தாள், இன்னொருத்தி கயிற்றை இழுத்துக் கட்டினாள். ஒருவழியாக மொரானா எங்கள் ஊர்ப் பெண்ணாகி நின்றாள். பொம்மையின் முன்பக்கத்தைத் தூக்க என்னையே விட்டார்கள்.

பாட்டுப் பாடிக்கொண்டே ஆற்றுக்குப் போனோம். தீ வைத்து நீரில் தள்ளியதும் யர்மிலா என் தோளைப் பிடித்துத் திருப்பினார். "பார்க்காதே. ஓடு." சுடுகாட்டிலிருந்து வரும்போது திரும்பிப் பார்க்கக் கூடாது என்று எங்கள் ஊரிலும் சொல்வார்கள். ஆனால் இங்கே யாரும் அழவில்லை. கடைசியாக ஓடி வருபவளுக்கு ஆகாது என்று எல்லோரும் சிரித்தபடி ஓடினார்கள். நானும் பட்டுக் கொசுவத்தை அள்ளிப் பிடித்துக்கொண்டு ஓடினேன், மூச்சிரைக்கச் சிரித்தேன். ஊர் எல்லையில் வண்ண நாடா கட்டிய பச்சைக் கிளை ஒன்றைக் கையில் தந்தார்கள். கோடையை ஊருக்குள் அழைத்துப் போவதாம்.

எதிரே வந்த குமார் என் கோலத்தைப் பார்த்துச் சிரித்தார். "டிக்கெட் பாக்கவா?" என்று கேட்டார்.

"பாருங்க. ரெண்டு பேருக்கும், திரும்பி வர்றதுக்கும் சேத்து."

அதற்குள் அம்மா அழைத்தார். "போயிட்டாளா?"

"போயிட்டாம்மா. இனிமே வெயில் வந்துரும்."

"இங்க இப்பவே மண்டை பொளக்குது. எங்களுக்கு மழைக்கு வேண்டிக்க."

பச்சைக் கிளையை உயர்த்திப் பிடித்தபடி, பெண்களோடு பெண்ணாக ஊருக்குள் நடந்தேன். ஒரு ஊருக்கு வெயிலையும் இன்னொரு ஊருக்கு மழையையும் ஒரே மூச்சில் வேண்டிக்கொண்டேன். எதை முதலில் கேட்டேன் என்று நினைவில்லை.