கல் என்று சொன்னார்கள்

சிறுநீரில் ரத்தம் போனதும் திருவனந்தபுரத்து ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டரின் அறைக்குள் கணவரும் அக்காவும் மட்டும் நுழைந்தார்கள். வெளியே வந்த கணவர், "ஒண்ணுமில்ல, கல்லுதான். ஆப்பரேசன் செய்தா தீரும்" என்றார். ஒரு கல்லுக்காக எதற்கு கல்ஃப் லீவை நீட்டுகிறார் என்று யோசிக்காத மண்டு நான்.

எடுக்கும் கல்லை எனக்குக் காட்ட வேண்டும் என்று டாக்டரிடம் கேட்டேன். அவர் கணவரைப் பார்த்தார். கணவர் ஜன்னலைப் பார்த்தார். அக்கா என் தலையை வாரிக்கொண்டிருந்தாள்.

கட்டுப் பிரித்த அன்று தொப்புளைக் காணோம். அக்காவிடம் கேட்டேன். தையல் போட இடைஞ்சலாக இருந்ததாம். கூசாமல் சொன்னாள்.

உடம்பு தேறி முதல் ஞாயிறு பூசைக்குப் போனேன். கோயில் வாசலில் பக்கத்து வீட்டு மீன்காரி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "கேன்சர்லேருந்து மாதா ஒன்ன காப்பாத்திட்டா மக்கா. ஒனக்காக எல்லாரும் முட்டுகுத்தி செபிச்சோம்."

ஆப்பரேசனுக்கு முன்பே, நான் ஆஸ்பத்திரியில் கிடக்கும்போது, கணவர் எனக்காகப் பூசையில் செபிக்க எழுதிக் கொடுத்திருக்கிறார். இன்னாருக்கு இன்ன நோய் என்று மைக்கில் வாசித்தால்தானே ஊர் செபிக்கும்! கரையில் வலை பின்னிக்கொண்டிருந்தவர்களுக்குக்கூட என் நோய் தெரியும். எனக்குத்தான் தெரியாது.

வீட்டில் கணவரிடம் கேட்டபோது, "ஒனக்கு பேடியாவும்னுதான் சொல்லல்லட்டி" என்றார். நான் பயந்துவிடுவேனாம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அறுத்தது என் வயிற்றை. அக்காவோடு மாதக்கணக்கில் நான் பேசவில்லை.

பிறகு டாக்டரிடம் நானே கேட்டேன். கருவில் தொப்புளுக்கும் மூத்திரப்பைக்கும் நடுவே ஒரு குழாய் உண்டாம். பிறந்தபின் அது மூடிப்போகும். அதன் மிச்சத்தில் எப்போதாவது, யாருக்காவது வரும் புற்று இது. மூத்திரப்பையின் மேல்பாகம், அந்தக் குழாய், தொப்புள் எல்லாவற்றையும் சேர்த்தே எடுத்திருக்கிறார்கள்.

அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். ஒவ்வொரு பரிசோதனை முடிந்ததும் கணவர் டாக்டரைப் பார்த்துவிட்டு வந்து "ஒண்ணுமில்ல" என்பார். அன்றைக்குச் சொன்ன அதே வார்த்தை, அதே முகம். நோய் போய்விட்டதா, மறுபடியும் மறைக்கிறாரா என்று தெரியாமல் தவித்தேன்.

அடுத்த முறை அவரை வெளியே உட்காரவைத்துவிட்டு நான் மட்டும் போனேன். மூத்திரப்பைக்குள் கேமரா விட்டுப் பார்த்த டாக்டர், திரும்ப எதுவும் வரவில்லை என்று என்னிடமே சொன்னார். நான் வெளியே வந்ததும் கணவர் எழுந்து, டாக்டர் என்ன சொன்னார் என்று கேட்டார்.

"ஒண்ணுமில்ல, கல்லுதான்" என்றேன்.

அவர் முகம் செத்துப்போனது. பஸ் கேரள எல்லையில் களியக்காவிளை தாண்டும்வரை நான் உண்மையைச் சொல்லவில்லை.