துணைக்குத்தான் வந்தேன்

போன செவ்வாய்க்கிழமை எனக்கு ஒன்று புரிந்தது. ஓர் ஆண்பிள்ளையை டாக்டரிடம் போகச் சொன்னால், அவருக்கு அன்றைக்கென்று ஆயிரம் வேலை வந்துவிடும். அதே ஆளை, இன்னொருத்தருக்குத் துணையாகப் போகச் சொல்லிப் பாருங்கள்... தலை வாரிக்கொண்டு வாசலில் நிற்பார்.

நானும் அப்படித்தான் நின்றேன்.

என் மனைவி வளர்மதிக்கு ஒரு தம்பி. ராஜவேலு. காடாம்புலியூரில் முந்திரிக்கொட்டை வறுத்து உடைக்கிற சின்ன ஷெட் வைத்திருக்கிறான். நாற்பத்தாறு வயது. ஒரு வருடமாக இளைத்துக்கொண்டே வந்தான். போதாததற்கு, வலது காலில் கொட்டை எண்ணெய் பட்டு வெந்த புண் ஒன்று. அந்த எண்ணெய் பட்டால் தோல் பொசுங்கிப் போகும். இரண்டு மாதமாகியும் ஆறவில்லை. துணியைச் சுற்றிக்கொண்டு, செருப்பைப் பாதி மாட்டிக்கொண்டு, லேசாக நொண்டியபடி வேலை பார்த்துக்கொண்டிருந்தான்.

டாக்டரிடம் காட்டச் சொன்னால், "வலியே இல்ல மாமா, தானா ஆறிடும்" என்பான். வலி இல்லாத புண் நல்ல புண் என்றுதான் நானும் நினைத்தேன்.

இளைத்ததை நான் கவனிக்காமல் இல்லை. கவனிப்பதுதானே என் வேலை? மஞ்சக்குப்பத்தில் தையல் கடை வைத்திருக்கிறேன். ஊர் ஆண்களின் உடம்பைப் பற்றி அவரவர் வீட்டில் தெரியாதது என் அளவு நோட்டுக்குத் தெரியும். இடுப்பு பெருத்தால் யாரும் ஒப்புக்கொள்வதில்லை. துணி சுருங்கிவிட்டது என்பார்கள். கையும் காலும் சுருங்காமல் இடுப்பு மட்டும் எப்படிச் சுருங்கும்? நான் கேட்டதில்லை. எனக்கு மிஷின் பேசும் அளவுக்கு வாய் பேசாது. பெருத்தவருக்குப் பிரித்து விடுவேன், இளைத்தவருக்குப் பிடித்துத் தைப்பேன். அவ்வளவுதான்.

ராஜவேலுவின் பேண்ட்டை ஒரே வருடத்தில் மூன்று முறை பிடித்துத் தைத்திருக்கிறேன். மூன்றாம் முறை, "மாப்பிள்ளை மாதிரி ஆயிட்ட மச்சான்" என்று பாராட்டு வேறு.

வளர்மதிதான் பயந்தாள். ஞாயிற்றுக்கிழமை சோறு போடும்போது மெதுவாக ஆரம்பித்தாள். சிதம்பரத்தில் ஒரு டாக்டரம்மா நன்றாகப் பார்க்கிறாராம். "தம்பி ஒத்தையில போவ மாட்டான். நீங்க துணைக்குப் போனா வருவான்."

உடனே சரி என்றேன். அந்த உடனேயில் எனக்கே ஒரு பெருமை.

இந்த இடத்தில் ஒரு விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். வாரா வாரம் படிக்கிறீர்கள், உங்களிடம் என்ன மறைப்பது? ஒன்றரை வருடமாக எனக்கும் ஒரு தொந்தரவு. ஒண்ணுக்கு அடிக்கடி வரும். போய் நின்றால் வராது. வந்தாலும் சொட்டுச் சொட்டாக, முனிசிபாலிட்டி குழாய் மாதிரி. ராத்திரி நாலைந்து முறை எழுந்திருப்பேன். வளர்மதி கேட்டால், உடம்புச் சூடு என்பேன். சீரகத் தண்ணீர், வெந்தயம், இளநீர் எல்லாம் ஆயிற்று. டாக்டர் மட்டும் ஆகவில்லை. இதைப் போய் இன்னொருவர் முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வது?

சொல்லாமல் இருக்க நான் பட்ட பாடு இருக்கிறதே... கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் ரோட்டில் எந்த ஸ்டாப்பில் எங்கே மறைவு இருக்கிறது என்று கண்ணைக் கட்டிவிட்டாலும் சொல்வேன். ஆலப்பாக்கத்தில் ஒரு மதில். புதுச்சத்திரத்தில் ஒரு வேலி. பி.முட்லூரில் டீக்கடைக்குப் பின்புறம். டீக்கடையை மறைவாக வைத்துக்கொண்டால் ஒரு டீ குடித்தாக வேண்டும். குடித்தால் அடுத்த ஸ்டாப்பிலும் இறங்க வேண்டும். ஒரே பஸ்ஸில் சிதம்பரம் போய்ச் சேர்ந்து நாளாகிறது.

செவ்வாய்க்கிழமையும் புதுச்சத்திரத்தில் இறங்கினேன். நான் வாய் திறப்பதற்குள் ராஜவேலுவும் கூடவே இறங்கினான். வேலியோரம் ஆளுக்கொரு பக்கம் திரும்பி நின்றோம். எனக்குத் துணைக்கு இறங்கியிருக்கிறானே, எவ்வளவு நல்ல மச்சான் என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த பஸ் பிடித்துப் போய்ச் சேர்ந்தோம். ஆஸ்பத்திரி வரவேற்பில் இருந்த பெண் நோட்டைப் பார்த்தது. "இருபத்திரெண்டு, ராஜவேலு. இருபத்திமூணு, கலியபெருமாள்."

கலியபெருமாள் என்பது நான்தான்.

எனக்கு டோக்கன் வேண்டாம், நான் இவருக்குத் துணைக்கு வந்தவன் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் ராஜவேலு சொன்னான். "எனக்கு எதுக்கும்மா டோக்கன்? நான் மாமாவுக்குத் துணைக்கு வந்துருக்கறேன்."

அந்தப் பெண் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தது. "அப்ப பேஷண்ட் யாரு?"

எனக்கு அப்போதுதான் உறைத்தது. வளர்மதி இரண்டு டோக்கனைப் போட்டுவிட்டு, அவனுக்கும் போன் போட்டிருக்கிறாள். மாமா ஒத்தையில் போக மாட்டார் என்றிருக்கிறாள். அவனும் உடனே சரி என்றிருக்கிறான். அவனைப் பிறந்ததிலிருந்தும் என்னைக் கட்டியதிலிருந்தும் படித்தவள் ஆயிற்றே அவள்.

திரும்பிப் போய்விடலாமா என்று பார்த்தேன். வாசல் பக்கம் பெஞ்சில் எங்கள் தெரு முனை ஜெராக்ஸ் கடை கோவிந்தசாமி அண்ணன் உட்கார்ந்திருந்தார். கடலூரில் காட்டினால் மஞ்சக்குப்பம் முழுக்கத் தெரிந்துவிடும் என்றுதானே வளர்மதி சிதம்பரத்தைப் பிடித்திருப்பாள்? மஞ்சக்குப்பம் எனக்கு முன்னால் வந்து உட்கார்ந்திருக்கிறது.

"சித்தப்பாவுக்குத் துணைக்கு வந்தேன்" என்றார் அண்ணன், நான் கேட்காமலே.

"நான் மச்சானுக்கு" என்றேன்.

சித்தப்பாவைக் காணோம். சற்று நேரத்தில் கோவிந்தசாமி என்று கூப்பிட்டார்கள். அண்ணன் என்னைப் பார்க்காமல் எழுந்து உள்ளே போனார். சித்தப்பாவுக்கும் அதே பெயர் போலிருக்கிறது.

எங்கள் முறை வந்தது. இருவரும் ஒன்றாகவே நுழைந்தோம். டாக்டரம்மாவுக்கு என் மகள் வயதுதான் இருக்கும். யாருக்கு என்ன செய்கிறது என்று கேட்டார். நான் ராஜவேலுவைக் காட்டினேன். அவன் என்னைக் காட்டினான்.

முந்திக்கொள்வது நல்லது என்று நான் ஆரம்பித்தேன். பதற்றத்தில் வாயில் வந்தது மச்சானின் கதையில்லை, என் கதை. "இவருக்கு அடிக்கடி ஒண்ணுக்கு வருதும்மா. ராத்திரியில நாலஞ்சு தபா எழுந்துக்கிறாரு. போனா சரியா வரல, சொட்டுச் சொட்டா வருது..."

யாருக்கோ சொல்வதுபோல் சொன்னால் எவ்வளவு சுலபமாக வருகிறது. ஒன்றரை வருடமாக அடைத்திருந்தது மடமடவென்று கொட்டிவிட்டது.

ராஜவேலு மறுப்பான் என்று பார்த்தால், முகம் வெளுத்துப்போய் என்னையே பார்த்தான். மெதுவாகக் கேட்டான். "ராத்திரி எழுந்துக்கறது உங்களுக்கு எப்புடித் தெரியும் மாமா? நான் அக்காகிட்ட கூட சொல்லலியே."

புதுச்சத்திரத்து வேலி ஞாபகம் வந்தது. அவன் எனக்குத் துணைக்கு இறங்கவில்லை.

டாக்டரம்மா அவன் விரலில் ஊசியால் குத்தி, ஒரு சொட்டு ரத்தத்தை மெஷினில் வைத்துப் பார்த்தார். பார்த்தவர், உடம்பு இளைத்திருக்கிறதா என்று கேட்டார். அவன் தெரியவில்லை என்றான். எனக்குத் தெரியும். அளவு நோட்டு கண் முன்னால் விரிந்தது.

"இடுப்பு முப்பத்தெட்டு இருந்துதும்மா. அப்புறம் முப்பத்தேழு, முப்பத்தஞ்சு... இப்ப முப்பத்திநாலு."

"இவ்வளவு கரெக்டா கவனிச்சிருக்கீங்க. என்ன பண்ணீங்க?"

"பேண்ட்டைப் பிடிச்சுத் தெச்சேன்."

அவர் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

துணியைப் பிரித்துக் காலைக் காட்டச் சொன்னார். கட்டைவிரலுக்குக் கீழே கறுத்துப் போயிருந்தது. ராஜவேலுவை வேறு பக்கம் பார்க்கச் சொல்லிவிட்டு, பேனா முனையால் விரலைத் தொட்டார்.

"தெரியுதா?"

"எப்ப தொடுவீங்க?" என்று கேட்டான் ராஜவேலு.

தொட்டுக்கொண்டுதான் இருந்தார். நான் பார்த்துக்கொண்டிருந்தேன். வலியே இல்லை என்று இரண்டு மாதமாக அவன் சொன்னது பொய்யில்லை. என் கை தானாகப் போய் அவன் தோளைப் பிடித்துக்கொண்டது.

சர்க்கரை கண்டபடி ஏறியிருக்கிறது என்றார் டாக்டரம்மா. அதனால்தான் புண் ஆறவில்லை, கால் மரத்துப் போயிருக்கிறது. இன்னும் ஒரு மாதம் இப்படியே விட்டிருந்தால் விரலை எடுக்க வேண்டி வந்திருக்கும், அதோடு நின்றிருக்கும் என்றும் சொல்ல முடியாது. இப்போது காப்பாற்றிவிடலாம். நாலு நாள் பெட்டில் சேர்ந்து புண்ணைச் சுத்தம் செய்ய வேண்டும்.

ராஜவேலு ஷெட்டில் வேலை கிடக்கிறது என்று முனகினான். கால் முக்கியமா, கொட்டை முக்கியமா என்று கேட்டேன். நான் அப்படிக் கேட்டது எனக்கே ஆச்சரியம்.

முடிந்தது என்று எழுந்தேன். டாக்டரம்மா விடவில்லை. ராஜவேலுவிடம் கேட்டார். "ஒண்ணுக்கு வரும்போது நல்லா வருதா, சொட்டுச் சொட்டா வருதா?"

"அதெல்லாம் நல்லாவே வருதும்மா, ஜாஸ்தியாவே வருது."

"அப்ப சொட்டுச் சொட்டா வருதுன்னு சொன்னது யாருக்கு?"

ராஜவேலு கூரையைப் பார்த்தான். பாவம், காட்டிக்கொடுக்க மனசு வரவில்லை.

நான் கையைத் தூக்கினேன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். அதற்குப் பிறகு கை தூக்கியது அன்றைக்குத்தான்.

அவர் திட்டவில்லை. ஸ்கேன் எழுதிக் கொடுத்தார். அந்த ஸ்கேனுக்கு என்ன செய்ய வேண்டும் தெரியுமா? ஒரு லிட்டர் தண்ணீர் குடித்துவிட்டு, அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். ஒன்றரை வருடமாக மதிலையும் வேலியையும் தேடி அலைந்தவனுக்கு விதித்த தண்டனையைப் பாருங்கள்.

எனக்கு வந்தது, வயதானால் ஆண்களுக்கு வருகிற புராஸ்டேட் வீக்கம். மாத்திரைக்குக் கேட்கும் என்றார். சும்மா விடக்கூடாது என்று ஒரு ரத்தப் பரிசோதனையும் செய்தார்கள். அதிலும் பயப்பட ஒன்றுமில்லை. அந்த அறைக்குள் நான் பேசியது மொத்தமாக ஐந்து நிமிடம் இருக்கும். அந்த ஐந்து நிமிடத்துக்குப் பயந்து ஒன்றரை வருடம்... கணக்கில் நான் அவ்வளவு மோசமில்லை என்று நினைத்திருந்தேன்.

நாலு நாளும் ஆஸ்பத்திரியில் ராஜவேலு கூடவே இருந்தேன். இந்த முறை நிஜமாகவே துணைக்கு. நேற்று வீட்டுக்கு வந்துவிட்டான். பத்து விரலும் இருக்கின்றன. வளர்மதி இரண்டு முறை எண்ணிப் பார்த்துவிட்டு, அடுப்படிக்குள் போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

வீட்டில் ஓர் ஆண்பிள்ளை டாக்டரிடம் வரமாட்டேன் என்கிறாரா? வற்புறுத்தாதீர்கள். இன்னொருத்தருக்குத் துணைக்கு அனுப்புங்கள். டோக்கனை மட்டும் இரண்டாகப் போட்டுவிடுங்கள்.

இன்று காலை கடை திறந்ததும் ஜெராக்ஸ் கடை அண்ணன் வந்தார். பேண்ட் லூசாகிவிட்டதாம், பிடித்துத் தைக்க வேண்டுமாம். நான் டேப்பை எடுக்கவில்லை. அன்றைக்கு டாக்டர் என்ன சொன்னார் என்று கேட்டேன்.

தெருவை ஒருமுறை பார்த்துக்கொண்டார். "சித்தப்பாவுக்கு சுகராம்பா."

"சித்தப்பாவை மாத்திரையை வுட்டுடாம போடச் சொல்லுங்கண்ணே" என்றேன்.

"சொல்றேன்" என்றார் அண்ணன், நழுவுகிற பேண்ட்டை ஒரு கையால் பிடித்துக்கொண்டு.