படுக்க வைத்த கண்டல்கள்

நாடு நாடாக அலைந்துவிட்டு, சண்டை மறுபடி மூண்ட 2006இல் நான் தேற்றாத்தீவுக்குத் திரும்பியபோது, என் மச்சாள் மங்கையற்கரசி பெரியதொரு வெளிநாட்டுத் தொண்டு நிறுவனத்தில் வேலை செய்துகொண்டிருந்தாள். வாவிக்கரைச் சேற்றில் கண்டல் என்னும் அலையாத்தி மரங்களை நட்டு வளர்ப்பதுதான் வேலை. பச்சைச் சட்டை, முதுகில் கொக்குப் படம். அதற்கு முன்பு அவள் வெற்றிலைத் தோட்டம் செய்தவள்.

கண்டல்கள் இடுப்பளவு வளர்ந்திருந்தன. கரையோர இராணுவக் காவலரணிலிருந்து ஒரு சிப்பாய் வந்து, மரம் மறைப்பதால் வாவியில் வரும் தோணி தெரியவில்லை என்றான்.

"அக்கா, முழங்கால் வரைக்கும் சரி. மேல வேணாம். வெள்ளிக்கிழமை நாங்க வெட்டுறது."

மங்கை மட்டக்களப்பு அலுவலகத்துக்கு ஓடினாள். திட்ட அலுவலர் வினாயகமூர்த்தி தலையில் கைவைத்தார்.

"தலைய வெட்டினா கண்டல் திரும்பத் துளிர்க்காது மங்கை. அடுத்த கிழமை தலைமையகத்தில இருந்து ஆக்கள் வாறாங்க. செத்த கண்டலக் கண்டா திட்டத்தையே மூடிருவாங்க. உங்கட வேலையும் போகும்."

"அப்ப ஆமியோட நீங்க கதைங்க சேர்."

"நாங்க ஆமியோடயும் கதைக்க ஏலா, மற்றவங்களோடயும் கதைக்க ஏலா. நாங்க நடுநிலை. அறிக்கையில ஆமி எண்டு ஒரு சொல் வரப்படாது."

"அப்ப நான் கண்டலோடதான் கதைக்கணும்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாள்.

வெற்றிலைக் கொடி பந்தல் உச்சியைத் தொட்டுவிட்டால் அதை இறக்கி மண்ணில் படுக்க வைப்பார்கள். அங்கிருந்து புதிதாய் ஏறும். வியாழக்கிழமை மங்கை வாழைநாரும் முளைக்கம்புகளும் எடுத்துக்கொண்டு சேற்றில் இறங்கினாள். கூட நின்றவள், அவளோடு கண்டல் நடும் இலட்சுமிப்பிள்ளை.

"இது கொடியில்ல கா, மரம்."

"மரத்துக்கு அது தெரியவா போகுது? நீ பிடி கா."

சில கண்டல்கள் சடக்கென்று முறிந்தன. ஒவ்வொரு முறையும் மங்கை கண்ணை மூடிக்கொண்டாள். மற்றவற்றை வளைத்து, சேற்றில் அடித்த கம்புகளோடு கட்டினார்கள். மறுநாள் கத்தியோடு வந்த சிப்பாய் நெடுநேரம் பார்த்தான்.

"அக்கா, மரம் நித்திரையா?" என்று சிரித்துவிட்டுப் போனான்.

தலைமையகத்தார் வந்தபோது மொழிபெயர்க்க என்னைக் கூப்பிட்டார்கள். வந்திருந்த பெண்மணி ஏன் இப்படி வளைத்திருக்கிறீர்கள் என்று கேட்டார். நான் மங்கையைப் பார்த்தேன். வினாயகமூர்த்தி வானத்தைப் பார்த்தார்.

"எங்கட ஊர் வழக்கம் எண்டு சொல்லு" என்றாள் மங்கை.

அது பொய்யா உண்மையா என்று எனக்குத் தெரியவில்லை. அப்படியே சொன்னேன். பெண்மணி சேற்றில் மண்டியிட்டு கட்டிய ஒவ்வொரு மரத்தையும் படம் எடுத்தார். இப்படி எங்குமே பார்த்ததில்லையாம்.

மாதம் ஒன்று போனது. மங்கையின் வேலை நீட்டிக்கப்பட்டது. தலைமையகம் சொன்னபடி, இனி அவள் மற்றக் கரைகளிலும் இந்த முறையைக் கற்றுக்கொடுக்க வேண்டும். முதலில் காத்தான்குடிப் பக்கம். நானும் போனேன். அங்கே கண்ணுக்கெட்டியவரை காவலரணே இல்லை. வலை காயப்போட்டுக்கொண்டிருந்த மீனவர் உசனார் அருகே வந்தார்.

"ஏன் தங்கச்சி மரத்தக் கட்டுற? ஓடிருமா?"

 மங்கை வாழைநாரை இன்னும் இறுக்கினாள்.

திரும்பும் பஸ்ஸில் என் கையைப் பிடித்தாள். "நீ நாலு நாடு திரிஞ்சவள்தானே, சொல்லு. கண்டல வளர்க்கவா எனக்குச் சம்பளம், வளர விடாம வைக்கவா?"

பஸ்ஸை விட்டு இறங்கியதும் வீட்டுக்குப் போகாமல் எங்கள் கரைக்கே நடந்தோம். கட்டிக் கிடந்த கண்டல்களின் நுனிகள் ஒவ்வொன்றும் வளைந்து மேலே திரும்பியிருந்தன. புதுத் தளிர்.

"உயிரோட கிடக்குது கா!" மங்கை என் தோளில் அடித்தாள். பிறகு ஒரு தளிரின் பக்கத்தில் தன் முழங்காலை வைத்து அளந்தாள். தளிர் அதைத் தாண்டியிருந்தது. காவலரணில் யாரோ எழுந்து நின்றார்கள்.

"நாரை எடு கா" என்றாள். நான் பையைத் திறந்தேன்.

"நில்லு, எடுக்காத."

தளிரை வளைக்காமல் ஒரு கையால் பிடித்தபடி சேற்றிலேயே நின்றாள்.